கடனா, வளமா? புதுக்கோட்டைக் கல்குவாரிப் பெண்கள் விட்டுச்சென்ற பாடம்

தலித் தொழில்முனைவு குறித்த இன்றைய பேச்சு பெரும்பாலும் கடனில் தொடங்கிக் கடனிலேயே முடிகிறது. 2005இல் புனேவில் தலித் இந்திய வர்த்தக, தொழிற் கூட்டமைப்பு உருவானது. 2016இல் ஒன்றிய அரசு தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவருக்கேனும், பெண் ஒருவருக்கேனும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் வழங்க வேண்டும் என்றது. 2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் தருகிறது. இவை தேவையானவை, போராடிப் பெற்றவையும்கூட. ஆனால் இவை அனைத்தும் தனிமனிதரை நோக்கியவை. கையில் பணம் வந்த பின் அந்த மனிதர் எந்த நிலத்தில், எந்தச் சந்தையில், யாருடைய அனுமதியோடு தொழில் செய்யப்போகிறார் என்ற கேள்வியை இவை தொடுவதில்லை.

அந்தக் கேள்வியைத் தொட்ட முயற்சி ஒன்று 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. கல்லுடைக்கும் கூலிப் பெண்களின் குழுக்களுக்குக் கல்குவாரிகளே குத்தகைக்கு விடப்பட்டன. அது எப்படிச் சாத்தியமாயிற்று, ஏன் நீடிக்கவில்லை, இன்றைய நெருக்கமான நகரக் குடியிருப்புகளுக்கு அது சொல்வது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் தொகுத்துப் பார்க்கிறோம்.

யாருடைய சமூகம், யாருடைய மூலதனம்?

சமூக ஆதரவுத் தொழில்முனைவு என்பது புதிய கண்டுபிடிப்பன்று. ஒரு தொழிலுக்கான முதல், வாடிக்கையாளர், இடர் ஆகிய மூன்றையும் தனியொருவர் சுமக்காமல் சுற்றியுள்ள மக்கள் பகிர்ந்து சுமப்பதே அதன் பொருள். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் சாலையோரமாக எழுந்து நிற்கும் நார்த்தாமலைக் குன்றுகளே அதற்குப் பழைய சான்று. விசயாலய சோழீச்சரத்துக்காக இன்று அறியப்படும் இவ்வூர், சோழர்காலக் கல்வெட்டுகளில் தெலுங்ககுலகாலபுரம் என்னும் வணிக நகரமாக வருகிறது. 'நகரம்' என்பது அக்காலத்தில் வணிகர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட ஆட்சிமன்றம். நகரத்தார்மலை என்ற பெயரே நார்த்தாமலை என மருவியதாகக் கூறுவர். வணிகர்கள் கூடி முடிவெடுத்தார்கள், கூடி அறக்கொடை தந்தார்கள், கூடியே செல்வமும் சேர்த்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் கல் சுமந்தவருக்கு இடமிருக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் கல்வெட்டுகள் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி எனக் குடியிருப்புகளைத் தனித்தனியாகக் குறிப்பிடுவதை நாம் அறிவோம். உழைப்பு ஊருக்குள் வந்தது. உழைத்தவர் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டார்.

பிற்காலத்திலும் இதே வடிவம் தொடர்ந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கொடுக்கல் வாங்கல் உறவினர் நம்பிக்கையின் மேல் நின்றது. தென்மாவட்ட நாடார் வணிகர்கள் தம் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கினர். உறவின்முறைகள் அந்தப் பணத்தில் பேட்டைகளையும் பள்ளிகளையும் நடத்தின. விருதுநகரில் 1885இல் சத்திரிய வித்தியாசாலை அப்படித்தான் பிறந்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. கோயில் நுழைவு மறுக்கப்பட்ட, 1899இல் சிவகாசிக் கலவரத்தைச் சந்தித்த ஒரு சமூகம் கூட்டு நிதியால் எழுந்து நின்ற வரலாறு அது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

எனினும் மகமை செலுத்த முதலில் வியாபாரம் இருக்க வேண்டும். வியாபாரத்துக்குப் பேட்டை வேண்டும், வண்டி வேண்டும், பொருளை வாங்க மறுக்காத சந்தை வேண்டும். சேரியில் ஒற்றுமைக்குப் பஞ்சமில்லை. இறப்பு வீட்டுக்கும் திருமணத்துக்கும் மொய்யும் உழைப்பும் தாராளமாகவே வருகின்றன. அந்த ஒற்றுமையை முதலாக மாற்ற ஒரு வளம் கையில் இருப்பதில்லை. ஆதிக்கச் சாதிகளின் சமூக ஆதரவு சொத்தைப் பகிர்கிறது. ஒடுக்கப்பட்டோரின் சமூக ஆதரவு வறுமையைப் பகிர்கிறது. எனவே தலித்துகளைப் பொறுத்தவரை 'சமூகம்' தனியே போதாது. பொதுவளம் ஒன்று அதன் கைக்கு வந்து சேர வேண்டும். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற தம் ஆவணத்தில் அண்ணல் அம்பேத்கர், நிலம் அரசுடைமையாகி, சாதி வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணைகளாகக் குத்தகைக்கு விடப்பட வேண்டும் என்று கோரியதன் தருக்கம் இதுவே.

கல்குவாரியின் கணக்கு

புதுக்கோட்டை மாவட்டம் மழையையும் கண்மாய்களையும் நம்பிய வறண்ட நிலம். நார்த்தாமலை, குடுமியான்மலை போன்ற குன்றுகளும் பாறைத் திட்டுகளும் நிறைந்த இங்கு, வேளாண்மை கைவிடும் மாதங்களில் நிலமற்ற தலித்துகளும் பிற ஏழைச் சாதியினரும் கல்லுடைக்கப் போனார்கள். ஆண்கள் பாறையில் துளையிட்டு வெடி வைத்துப் பெயர்ப்பார்கள். பெண்கள் சம்மட்டியால் அதை உடைத்துச் சக்கையாகவும் ஜல்லியாகவும் ஆக்கிச் சுமந்து லாரியில் ஏற்றுவார்கள். கூலி லோடு கணக்கில் வரும். கல்தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோய் கணக்கில் வராது.

பாறை பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு, அதாவது பொதுச்சொத்து. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959இன்படி அது ஏலத்தில் குத்தகைக்கு விடப்படும். ஏலத்தொகையை முன்கூட்டிக் கட்ட முடிந்தவர் ஒப்பந்தக்காரர் ஆனார். அவர் கூலிக் குடும்பத்துக்கு முன்பணம் கொடுப்பார். அந்த முன்பணம் அடையாத கடனாகி, அடுத்த பருவத்துக்கும் அதே குவாரியில் அக்குடும்பத்தைக் கட்டிப்போடும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடன் பிணைப்பைக் குற்றமாக்கியிருந்தது. அரியானாவின் பரீதாபாத் கல்குவாரிகள் தொடர்பாகப் பந்துவா முக்தி மோர்ச்சா தொடுத்த வழக்கில் 1983 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒருவர் கட்டாய உழைப்பில் வைக்கப்பட்டிருப்பது தெரிந்தால் அது முன்பணத்துக்கு ஈடான கொத்தடிமை உழைப்பு என்றே கருத வேண்டும் என்றது. சட்டம் தெளிவாக இருந்தது. விடுவிக்கப்பட்டவர் மறுநாள் காலை எங்கே வேலைக்குப் போவார் என்பதற்குத்தான் விடை இல்லை.

அறிவொளியும் குத்தகையும்

1990 முதல் 1992 வரை புதுக்கோட்டை ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அவருடைய காலத்தில் மாவட்ட நிர்வாகமும் அறிவியல் இயக்கத் தன்னார்வலர்களும் சேர்ந்து அறிவொளி இயக்கத்தை நடத்தினர். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது அதன் உலகறிந்த முகம். 1992 மகளிர் நாளை ஒட்டிய நிகழ்வுகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினர் என்று பி. சாய்நாத் பதிவுசெய்துள்ளார். அதே பெண்களில் பலர் குவாரித் தொழிலாளிகள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கிராமப்புறப் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டம் என 1982இல் ஒன்றிய அரசு தொடங்கியிருந்த குழுத் திட்டத்தின் கீழ்க் குவாரிப் பெண்கள் குழுக்களாகத் திரட்டப்பட்டனர். ஏலத்தில் போட்டியிட வைக்காமல், நூற்றுக்கும் மேற்பட்ட குவாரிகள் இக்குழுக்களுக்குக் குத்தகையாகவே தரப்பட்டன. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே காலத்தில் கூலியிலிருந்து குத்தகைதாரராக மாறினர்.

இங்கு நடந்த மாற்றத்தின் இயல்பைக் கவனிக்க வேண்டும். இப்பெண்களுக்குப் புதிய தொழில் எதுவும் கற்பிக்கப்படவில்லை. எந்தப் பாறை எப்படிப் பிளக்கும், ஒரு லோடுக்கு எத்தனை நாள் உழைப்பு என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். தெரியாதிருந்தவை கல்லுக்கு வெளியே இருந்தன. நடைச்சீட்டை எப்படிப் படிப்பது, லாரியில் ஏறிய அளவும் சீட்டில் எழுதிய அளவும் ஒன்றா, வங்கிக் கணக்கை எப்படி நடத்துவது, கனிமவள அலுவலகத்தில் யாரிடம் பேசுவது என்பவையே அவை. எழுத்தறிவு இந்த இடத்தில்தான் பயன்பட்டது. சைக்கிளும் அப்படியே: குவாரிக்கும் அலுவலகத்துக்கும் சந்தைக்கும் ஆண் துணையின்றிப் போய்வர அது உதவியது. குத்தகை, எழுத்து, நடமாட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொண்டிருந்த பங்கு உழைத்தவர் கைக்கு வந்தது.

இம்முயற்சியை ஆட்சியரும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் இணைந்து எழுதி 1996இல் வெளிவந்த ஆங்கில நூல் ஆவணப்படுத்தியிருக்கிறது. ஆயினும் சைக்கிளைப் போலக் குவாரி பாடப்புத்தகத்தில் ஏறவில்லை. சைக்கிள் யாருடைய சொத்தையும் பறிக்காது. குவாரிக் குத்தகை பறித்தது.

ஏன் நீடிக்கவில்லை?

குத்தகைக்குக் கால வரம்பு உண்டு; ஆட்சியருக்கும் உண்டு. குத்தகை முடிந்தபோது பழைய ஏல முறை திரும்பியது. பெருந்தொகையை முன்கூட்டிக் கட்டும் வலு குழுக்களுக்கு இல்லை. அதை மேலும் கடினமாக்கிய காரணங்களை நாம் மூன்றாகப் பார்க்கிறோம்.

முதலாவது, உரிமை நிர்வாக முடிவாக வந்ததே ஒழிய விதியாக மாறவில்லை. ஒரு நல்ல அதிகாரியின் கையொப்பத்தில் கிடைத்தது அடுத்தவரின் மௌனத்திலேயே போய்விடும். கனிமத்தை ஏலச் சந்தையிலிருந்து விலக்கி வைக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. கருங்கல் கிரானைட் குவாரிகளைத் தனியாருக்கு விடாமல் அரசு நிறுவனத்துக்கே ஒதுக்கிய தமிழ்நாட்டின் 8-சி விதியை, 1981இல் ஹிந்த் ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கனிமம் மக்களின் சொத்து, அதைப் பொதுநலனுக்காக ஒதுக்கலாம் என்பது சட்டத்தில் நிலைநாட்டப்பட்ட கருத்து. அரசு நிறுவனத்துக்கு ஒதுக்க முடிந்ததைத் தொழிலாளர் குழுக்களுக்கு நிரந்தரமாக ஒதுக்க அரசியல் விருப்பம் இருக்கவில்லை.

இரண்டாவது, குழுக்களிடம் பாறை இருந்தது. லாரியும் கிரஷரும் இல்லை. சம்மட்டி ஜல்லியின் இடத்தை இயந்திர ஜல்லி பிடித்தபோது, கிரஷர் வைத்திருந்தவரே விலையைத் தீர்மானித்தார். உற்பத்தியின் ஒரு கண்ணியை மட்டும் கைப்பற்றினால் அடுத்த கண்ணியில் சாதியும் மூலதனமும் காத்திருக்கும்.

மூன்றாவது, குழு இருந்தது, சங்கம் இல்லை. திட்டத்துக்காக உருவான குழு திட்டத்தோடு கலைகிறது. உரிமைக்காக உருவான சங்கம் திட்டம் போனாலும் தெருவில் நிற்கும்.

இவற்றோடு இன்று புதிய தடை ஒன்றும் சேர்ந்துள்ளது. 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றது. வெட்டிச் சிதைக்கப்படும் குன்றுகளைக் காக்க இது அவசியம். நார்த்தாமலை போன்ற இடங்களில் குடைவரைகளும் கற்றளிகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அங்கே உளி படவே கூடாது. ஆனால் அனுமதிக்கான ஆய்வுச் செலவைத் தாங்கக்கூடியவர் பெரிய குத்தகைதாரரே. குன்றும் பிழைக்க வேண்டும், கூலியும் பிழைக்க வேண்டும் என்றால் அச்செலவை அரசே ஏற்று, வெட்டத்தக்க இடத்தை வரையறுத்து, உழைப்போர் கூட்டுறவுக்கு விட வேண்டும்.

நமக்கு இது முதல் இழப்பன்று. திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் எனப்படுகிறது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அதன் பெரும்பகுதி கைமாறியது. காப்பதற்கு அமைப்பில்லாத உரிமை, பட்டா வடிவில் இருந்தாலும் கரைந்துவிடுகிறது.

நீடித்தவை சொல்வது என்ன?

அண்டை மாநிலத்தில் நூறாண்டு நீடித்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. வடகரை அருகே ஊராளுங்கலில், வாக்பாடானந்தரின் ஆத்மவித்யா சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காகக் கூலித் தொழிலாளர்களுக்கு நிலவுடைமையாளர்கள் வேலை மறுத்தனர். சாதிய ஒடுக்குமுறையை எதிர்த்ததற்கான அந்தப் புறக்கணிப்புக்கு விடையாக, 1925இல் 14 பேர் 6 அணா முதலுடன் ஒரு தொழிலாளர் கூட்டுறவைத் தொடங்கினர். இன்று பல ஆயிரம் பேர் பணியாற்றும் அந்த ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், கேரளத்தின் சாலைகளையும் பாலங்களையும் கட்டுகிறது. கல்குவாரியும் கிரஷரும் அதனிடமே உள்ளன. இரண்டு காரணங்களை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். பொதுப்பணி ஒப்பந்தங்களில் தொழிலாளர் கூட்டுறவுகளுக்குக் கேரள அரசு முன்னுரிமை தந்தது. சங்கமோ ஒரு சமூகச் சீர்திருத்த இயக்கத்தின் வயிற்றில் பிறந்தது.

நெருக்கமான நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு புனே. அங்குக் குப்பை பொறுக்கி வாழ்ந்தோரில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அவர்கள் 1993இல் முதலில் தொழிற்சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தின் வழியே மாநகராட்சியிடம் அடையாள அட்டை பெற்றனர். அதன் பிறகே, 2008இல், 'ஸ்வச்' என்னும் தம் சொந்தக் கூட்டுறவின் மூலம் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஒப்பந்தத்தை மாநகராட்சியோடு செய்துகொண்டனர். ஒவ்வொரு வீடும் மாதக் கட்டணம் செலுத்துகிறது. மறுசுழற்சிக்குரிய பொருளை விற்கும் உரிமை சேகரிப்பவருக்கே. சமூக ஆதரவுத் தொழில் என்பதற்கு இதைவிடத் தெளிவான வடிவம் அரிது: அக்கம்பக்கத்து வீடுகள் வாடிக்கையாளர், மாநகராட்சி வளத்தின் காவலர், சங்கம் பேரம்பேசும் சக்தி. அங்கும் ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும் பெருநிறுவனங்களின் நிழல் விழுகிறது. புதுப்பிப்புக்காகப் பெண்கள் மீண்டும் வீதிக்கு வர வேண்டியிருக்கிறது. ஆனால் வீதிக்கு வர ஒரு சங்கம் இருக்கிறது. புதுக்கோட்டையில் இல்லாது போனது அதுதான்.

இவ்வெடுத்துக்காட்டில் ஓர் எச்சரிக்கையும் உள்ளது. குப்பையைத் தலித்துகளின் இயல்பான தொழிலாக்கி அதற்குத் தொழில்முனைவு என்று பெயர் சூட்டுவது சாதியைப் புதுப்பிப்பதாகும். செய்யும் வேலையின் மீது உரிமையும் கண்ணியமும் பெறுவது முதற்படி. அடுத்த தலைமுறை அவ்வேலையைச் செய்தே ஆகவேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபடுவது இலக்கு.

நகரத்தின் பாறை எது?

நார்த்தாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இன்று பலர் புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறார்கள். புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. நகரம் பெருகும்போது அதன் நெருக்கமே ஒரு வளமாகிறது. இட்லிக் கடைக்கு விடியற்காலையில் நூறு வாடிக்கையாளர், தையல் இயந்திரத்துக்கு ஒரே தெருவில் வேலை, பக்கத்து வீட்டில் குழந்தையை விட்டுச்செல்லும் வசதி, நாள்வட்டிக்காரரைத் தவிர்க்கச் சீட்டுப் பிடிக்கும் பத்துப் பெண்கள்: இவை அனைத்தும் நெருக்கத்தில்தான் கிடைக்கும். சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் மன்றம் இத்தெருக் குழுக்களின் மீதே எழுந்தது. 1981இல் தனக்கெனக் கடன் கூட்டுறவையும் அமைத்துக்கொண்டது.

குடிசைப்பகுதி மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்தபோது அரசு அவர்களுக்குச் சுவர் தந்தது, சந்தையைப் பறித்தது. தொழில்முனைவுக்கான முதல் கோரிக்கை வெளியேற்றத்துக்கு எதிரான கோரிக்கையே என்று நாம் சொல்வது இதனால்தான்.

கிராமத்தில் பாறை எதுவோ, நகரத்தில் நடைபாதையும் சந்தைக் கடையும் குப்பையும் பொதுப்பணி ஒப்பந்தமும் அதுவே. அவை பொதுச்சொத்து; இன்று ஏலம் எடுப்பவரின் கையில் இருப்பவை. அவற்றைக் கேட்டுப் பெறச் சில கருவிகள் உள்ளன.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் உரிய இடம் தரப்பட வேண்டும். உங்கள் ஊரில் அக்குழு அமைந்திருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள்.

ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்பது 2012இன் கொள்முதல் ஆணை. இந்த இலக்கைக் கூட்டுறவுகளுக்கும் விரித்து, உள்ளாட்சிக் கொள்முதலிலும் கட்டாயமாக்கக் கோரலாம்.

கனிமச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தத்தால் உருவான மாவட்ட கனிம அறக்கட்டளையின் நிதி, சுரங்கத்தாலும் குவாரியாலும் பாதிக்கப்பட்ட மக்களுக்கானது. கல்தூசு நோய்க்கான மருத்துவ முகாமும், குவாரியை விட்டு வெளியேற விரும்பும் பெண்களின் கூட்டுறவுக்கான முதலும் அதிலிருந்து வரவேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடலாம்.

இந்த மாவட்டத்தில் இக்கோரிக்கைகளைக் காகிதத்தில் எழுதுவது எளிது. ஊருக்குள் எழுப்புவது எளிதன்று. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளிப்பட்டது இதே மாவட்டத்தில்தான். குடிநீர் என்னும் பொதுவளத்திலேயே இது நடக்குமானால், குத்தகையையும் சந்தையையும் தலித் பெண்கள் கேட்கும்போது எதிர்ப்பு எந்த அளவில் வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் சங்கம், பிறகு வளத்தின் மீதான உரிமை, பிறகு அந்த உரிமையை விதியாக்கும் அரசாணை, அதன் பின்பே கடன். இன்றைய திட்டங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன. அவற்றின் கடன் விண்ணப்பத்தில் ஒரு பெண்ணின் கையொப்பத்தைக் கேட்பவர்கள், குத்தகைப் பத்திரத்தில் அவருடைய சங்கத்தின் பெயரை எழுதத் தயாரா என்பதே நாம் ஒவ்வோர் ஆட்சியர் அலுவலகத்திலும் எழுப்பவேண்டிய கேள்வி.